எந்த அலை யாருக்கு?

விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். சூளைக்குள் எல்லா இடத்திலும் வெப்பம் ஒரே அளவில் இராது. ஆகவே சூளை அடுக்குபவர், எந்தப் பொருளுக்கு எவ்வளவு வெப்பம் வேண்டும் என்று பார்த்து இடம் ஒதுக்குவார். ஊரில் நிற்கும் செல்போன் கோபுரத்துக்கும் இத்தகைய ஒதுக்கீட்டு வேலை உண்டு. அது பார்ப்பது வெப்பத்தை அன்று; அலையின் வலிமையை!

1995 ஜூலை 31-இல் கல்கத்தாவுக்கும் டெல்லிக்கும் இடையே இந்தியாவின் முதல் செல்போன் உரையாடல் நடந்தது. அதற்குப் பயன்பட்டது ஜி.எஸ்.எம். என்னும் முறை. இம்முறைக்கு 900 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் முதலில் கிடைத்தவை 124 அலைவரிசைகளே. ஒவ்வொன்றையும் 8 பேர் முறை வைத்துப் பகிர்ந்துகொள்கின்றனர். ஒருவருடைய முறை நொடிக்குச் சுமார் 217 தடவை வருவதால் பேச்சு அறுபடுவதில்லை.

கணக்கிட்டுப் பாருங்கள்: 124 × 8 = 992. ஆயிரம் பேருக்குக்கூடப் போதாது! ஆகவே ஒரே அலைவரிசையை வெவ்வேறு கோபுரங்கள் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகின்றன. இங்கேதான் சிக்கல். வேற்றுக் கோபுரத்தின் அதே அலை குறுக்கிட்டால் பேச்சு குழம்பும். நம் கோபுரத்தின் அலை, குறுக்கிடும் அலையைப் போல் சுமார் 8 மடங்காவது வலிமையாக இருக்க வேண்டும்.

இதற்கு ஒரு வழி உண்டு. பேசும்போது செல்போன், தனக்கு வரும் அலைக்கு 0 முதல் 63 வரை மதிப்பெண் போட்டு, ஏறத்தாழ அரை நொடிக்கு ஒரு முறை கோபுரத்துக்கு அறிவிக்கிறது. மதிப்பெண் 10 கூடினால் வலிமை 10 மடங்காகும். 20 கூடினால் 100 மடங்கு!

கோபுரம் தன் அலைவரிசைகளை இரண்டு வகையாகப் பிரித்து வைத்துக்கொள்ளலாம். முதல் வகை, அருகருகே உள்ள கோபுரங்களிலும் திரும்ப வருவது. குறுக்கீடு மிகுதி. ஆனால் கோபுரத்தின் பக்கத்தில் இருப்பவருக்கு அதனால் தொல்லை இல்லை. அவருக்குக் கிடைக்கும் அலை அவ்வளவு வலிமையானது. மற்ற வகை, தொலைவிலுள்ள கோபுரங்களில் மட்டுமே திரும்ப வருவது. குறுக்கீடு குறைவு, எண்ணிக்கையும் குறைவு. அது எல்லையோரத்தில் இருப்பவருக்கு.

ரயில் நிலையத்தில் பேசிக்கொண்டே வண்டி ஏறுகிறார் ஒருவர். வண்டி கோபுரத்தை விட்டு விலக, மதிப்பெண் குறைகிறது. உடனே கோபுரம் அவரை இரண்டாம் வகைக்கு மாற்றுகிறது. அவருக்கோ இது தெரிவதே இல்லை!

பக்கத்தில் இருப்பவர்களே நல்ல அலைவரிசைகளை நிரப்பிவிட்டால் என்ன ஆகும்? எல்லையோரச் சிற்றூரிலிருந்து, பாம்பு கடித்தவருக்காக ஆம்புலன்ஸை அழைப்பவருக்கு இடம் கிடைக்காது. எனவே, வலிமை மிக்கவருக்கு எளியதும், வலிமை குன்றியவருக்குப் பாதுகாப்பானதும் கொடுப்பதே சரியான பங்கீடு. பின்னர் வந்த 4ஜி முறையிலும், செல்போன் அறிவிக்கும் அலைத் தரத்தைப் பார்த்தே கோபுரம் ஒதுக்கீடு செய்கிறது.

ஒரு கேள்வி: ஒரு செல்போன் 45 மதிப்பெண் போடுகிறது, மற்றொன்று 15 போடுகிறது. முதல் செல்போனுக்கு வரும் அலை எத்தனை மடங்கு வலிமையானது? கண்டுபிடியுங்கள், பார்க்கலாம்!