முழங்கால் குருத்தெலும்புச் சீரமைப்பில் ஊசிவழி நீர்க்கூழ்மங்கள்: கொல்லிமலையை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

முழங்கால் வலிக்காக மூட்டினுள் செலுத்தப்படும் பலவகைப் பொருள்கள் பொதுவழக்கில் ‘ஜெல் ஊசி’ என்னும் ஒரே பெயரால் சுட்டப்படுகின்றன. இவற்றுள் மூட்டுக்கு மசகாகச் செயல்படுவனவும், இழந்த குருத்தெலும்பு மீள உருவாகச் சாரமாக நிற்பனவும் தன்மையால் வேறுபட்டவை. இவ்வேறுபாட்டினையும், நீர்க்கூழ்மங்கள் உடலினுள் உறையும் முறையினையும், அவற்றைப் பற்றிய மருத்துவ ஆய்வுகளின் முடிவுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. மலைவாழ் உழவர்க்கு இச்சிகிச்சை எந்த அளவு பயன்படும் என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச் சொற்கள்: நீர்க்கூழ்மம், குருத்தெலும்பு, கைட்டோசான், ஹயலூரோனிக் அமிலம், முடவாட்டுக்கால், கொல்லிமலை.

முன்னுரை

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த கொல்லிமலை, நாமக்கல் மாவட்டத்தில் அமைந்துள்ளது. இதன் மலைப்பாதை 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்டது. இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் சரிவு நிலங்களில் சிறுதானியம், மரவள்ளி, காபி, மிளகு முதலியவற்றைப் பயிரிடுகின்றனர். ஏறுவதும் இறங்குவதும் அவர்தம் அன்றாடத் தொழிலின் பகுதியாகும்.

செயற்கை மூட்டுக்குள் உணரிகளைப் பொருத்தி அளந்த ஆய்வொன்றில், சமதளத்தில் நடக்கும்போது முழங்காலில் உடல் எடையைப்போல் சுமார் 2.6 மடங்கு விசையும், படியிறங்கும்போது சுமார் 3.5 மடங்கு விசையும் பதிவாயின. மலைவாழ்வில் முழங்கால் பெறும் முதன்மையை இது புலப்படுத்துகிறது.

கொல்லிமலைக்கு வருவோர் தேடி வாங்கும் பொருள்களுள் முடவாட்டுக்கால் கிழங்கு ஒன்று. பாறைகளிலும் மரங்களிலும் பற்றி வளரும் பெரணி வகையொன்றின் மட்டநிலத்தண்டே இக்கிழங்கு. பழுப்பு நிறச் செதில்கள் போர்த்த இதன் தோற்றம் ஆட்டுக்காலை ஒத்தது. மூட்டுவலி தீரும் என்னும் நம்பிக்கையில் இதனைச் சூப்பாக்கிப் பருகுகின்றனர். இதன் சாறு வலியையும் அழற்சியையும் குறைப்பதாக விலங்காய்வுகள் தெரிவிக்கின்றன. எனினும் வலி தணிதல் வேறு, தேய்ந்த திசு மீள வளர்தல் வேறு. இதே வேறுபாட்டை நவீன மருத்துவத்தின் ஊசிவழிக் கூழ்மங்களிடத்தும் கருதவேண்டியுள்ளது.

குருத்தெலும்பின் இயல்பு

மென்திசுக்களோடு சேர்த்து எண்ணப்படும் குருத்தெலும்பு, மூட்டில் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் சில மில்லிமீட்டர் தடிப்புள்ள படலமாகும். அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கிற்குக் குறையாத அளவு நீர். எஞ்சிய பகுதியில் கொலாஜன் இழைகள் வலைபோல் பின்னிக் கிடக்க, நீரை ஈர்த்துப் பிடிக்கும் புரதச் சர்க்கரைக் கூட்டுப்பொருள்கள் அவற்றினிடையே நிறைந்துள்ளன. ஆகவே குருத்தெலும்பை இயற்கையே அமைத்த நீர்க்கூழ்மம் எனலாம்.

தோலில் காயம் பட்டால் குருதி உறைந்து, அவ்வுறைவின்மேல் புதுத்திசு வளர்கிறது. குருத்தெலும்பில் குருதிக்குழாய்கள் இல்லை. அதன் உயிரணுக்களும் எண்ணிக்கையில் குறைந்தவை, இடம்பெயர இயலாதவை. எனவே அதில் விழும் குழி தானே ஆறுவதில்லை. குழியின் அடியிலுள்ள எலும்பில் நுண்துளையிட்டு, மச்சையிலிருந்து குருதியையும் மூல உயிரணுக்களையும் கசியச் செய்வது நடைமுறையிலுள்ள சிகிச்சைகளுள் ஒன்று. இவ்வாறு உருவாகும் குருதியுறைவு சுருங்கிப் பெயர்ந்துவிடக்கூடும். அதன்வழி வளரும் திசுவும் பெரும்பாலும் தழும்பை ஒத்த நார்த்தன்மை உடையதாகவே அமைகிறது. இக்குறையை நிரப்பவே கூழ்மங்கள் ஆராயப்பட்டன.

நீர்க்கூழ்மம் உறையும் முறை

நீண்ட பலபடிச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து வலையாகி, தம் எடையைப் போலப் பன்மடங்கு நீரைத் தேக்கி நிற்கும் நிலையே நீர்க்கூழ்மம். கொல்லிமலையில் விளையும் மரவள்ளியின் மாவிலிருந்து செய்யும் ஜவ்வரிசி, வெந்தபின் நீரைப் பற்றிக்கொண்டு பளபளப்பதும் இவ்வகை நிகழ்வே. 1960இல் செக் நாட்டு வேதியியலாளர்கள் ஓட்டோ விக்டர்லேயும் டிரகோஸ்லாவ் லிம்மும் உயிரியல் பயன்பாட்டுக்குரிய செயற்கைக் கூழ்மத்தை அறிவித்தனர். மென்மையான கண்வில்லைகள் அதன் பயனாக உருவாயின.

ஊசிவழிச் செலுத்தும் கூழ்மத்துக்குக் கூடுதலான ஒரு பண்பு தேவை. ஊசிக்குள் நீர்மமாக இருப்பது உடலுள் சேர்ந்ததும் உறையவேண்டும். கேழ்வரகுக் கூழ் ஆறினால் கெட்டியாகிறது. இங்கு வேண்டப்படுவது அதற்கு நேர்மாறானது. கைட்டோசான் கரைசலுடன் கிளிசரோபாஸ்பேட் உப்பைச் சேர்த்தால், குளிர்ந்த நிலையில் நீர்மமாகவும் உடல் வெப்பநிலையில் கூழ்மமாகவும் மாறும் என்பதனை 2000ஆம் ஆண்டில் கனடா நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்டனர். கைட்டோசான் சங்கிலிகளின் நேர்மின்னூட்டம் அவற்றை விலக்கி வைத்திருக்கிறது. வெப்பம் ஏறும்போது அம்மின்னூட்டம் குறைய, சங்கிலிகள் நெருங்கிப் பிணைகின்றன. இறால் ஓட்டிலிருந்து பெறப்படும் கைட்டோசானைத் தயாரிக்கும் தொழில்நுட்பத்தைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கியுள்ளது.

மசகும் சாரமும்

‘ஜெல் ஊசி’ எனப் பரவலாக வழங்குவது ஹயலூரோனிக் அமில ஊசியாகும். இவ்வமிலத்தை 1934இல் கார்ல் மேயரும் ஜான் பாமரும் மாட்டின் கண்ணிலிருந்து பிரித்தெடுத்தனர். மூட்டுநீரின் வழவழப்புக்கு இதுவே காரணம். தேய்ந்த மூட்டில் குறைந்துபோன வழவழப்பை ஈடுசெய்வது இவ்வூசியின் நோக்கம். இது குருத்தெலும்பை உருவாக்குவதில்லை. 2022இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்த தொகுப்பாய்வு, போலி ஊசியோடு ஒப்பிடுகையில் இது தரும் வலிக்குறைவு மிகச் சிறியது என்றும், நோயாளி உணரத்தக்க அளவினது அன்று என்றும் முடிவு செய்தது.

சாரமாக அமையும் கூழ்மத்தின் பணி வேறு. கட்டடம் எழும்வரை சாரம் தாங்கிநின்று, பின் அகற்றப்படுகிறது. அதுபோலக் கூழ்மமும் உயிரணுக்கள் பற்றி வளர இடமளித்து, புதுத்திசு உருவாகும் வேகத்துக்கு ஏற்பச் சிதையவேண்டும். விரைந்து சிதைந்தால் குழி வெறுமையாகும். சிதையாது தங்கினால் புதுத்திசுவுக்கு இடமிராது.

மருத்துவ ஆய்வுகள் காட்டுவன

மேற்கூறிய கைட்டோசான் கரைசலை நோயாளியின் குருதியுடன் கலந்து, நுண்துளையிட்ட குழியில் இடும் முறை 80 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. ஒரு பிரிவினர்க்குக் கூழ்மத்துடனும் மற்றவர்க்கு நுண்துளையிடல் மட்டுமாகவும் சிகிச்சை அளிக்கப்பட்டது. 2013இல் வெளியான முடிவுகளின்படி, 12 மாதங்களுக்குப் பின் கூழ்மம் பெற்றவர்களின் குழி மிகுதியாக நிரம்பியிருந்தது; திசுவின் தரமும் மேம்பட்டிருந்தது. ஆயின் வலிக்குறைவிலும் இயக்கத்திலும் இருபிரிவினரும் ஒரே அளவு முன்னேற்றமே கண்டனர். ஐந்தாண்டு முடிவுகளும் இதனையே உறுதிசெய்தன.

அதே ஆண்டில், ஒளியால் உறையும் கூழ்மத்தை உயிர்ப்பசையால் குருத்தெலும்போடு ஒட்டும் முறை அமெரிக்க ஆய்வாளர்களால் வெளியிடப்பட்டது. கூழ்மம் பெற்றோர் 15 பேர். ஒப்பீட்டுக்கு 3 பேர். குழி நன்கு நிரம்பியது உண்மையெனினும், இவ்வெண்ணிக்கையைக் கொண்டு உறுதியான முடிவுக்கு வருதல் இயலாது.

கைட்டோசான் ஆய்வு தனித்ததொரு குழியுடைய முழங்காலில் நிகழ்ந்ததாகும். மூட்டு முழுதும் தேய்ந்த முதியோர்க்கு அம்முடிவைப் பொருத்துதல் தவறு. முழங்கால் வலியோடு மருத்துவரை நாடுவோருள் பெரும்பாலோர் இப்பிரிவினரே என்பது கருதத்தக்கது.

இந்தியச் சூழலும் கொல்லிமலையும்

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம், பன்றியின் பித்தப்பையிலிருந்து உயிரணுக்களை நீக்கிப் பெற்ற சாரத்தைத் தோல் காயங்களுக்கான மருத்துவச் சாதனமாக உருவாக்கியது. 2023இல் அதற்கு இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. அப்பொருளை ஊசிவழிக் கூழ்மமாக்கி, மாரடைப்பால் சேதமுற்ற இதயத் தசைக்குப் பயன்படுத்தும் முயற்சியையும் அந்நிறுவனம் மேற்கொண்டுள்ளது.

ஊசி என்னும் பெயர் எளிய சிகிச்சை என்ற எண்ணத்தைத் தருகிறது. குருத்தெலும்புச் சிகிச்சையில் கூழ்மத்தை இடுமுன் குழியைச் செப்பனிடவும் நுண்துளையிடவும் அறுவைக்கூடம் வேண்டும். அதன்பின் ஏறத்தாழ ஆறு வாரங்கள் காலில் முழு எடையை ஊன்றாதிருத்தல் வேண்டும். மாதக்கணக்கில் இயன்முறைப் பயிற்சியும் தேவை. சரிவில் உழைத்து வாழும் உழவர்க்கு அந்த ஆறு வாரங்கள் ஒரு பருவத்து வருவாயை இழக்கச் செய்யலாம். 2022இல் நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. எனினும் தொடர் பயிற்சிக்காக மலையிறங்கி ஏறும் சுமை நோயாளியின்மீதே விழுகிறது. மருத்துவச் சோதனைகளில் அளக்கப்படும் பயன்களோடு இச்சுமையும் கணக்கிடப்படவேண்டும்.

முடிவுரை

ஊசிவழி நீர்க்கூழ்மங்கள் குருத்தெலும்புக் குழியைச் செம்மையாக நிரப்ப வல்லன என்பது நிறுவப்பட்டுள்ளது. அந்நிரப்பம் நோயாளியின் நடையை மேம்படுத்தும் என்பது இன்னும் நிறுவப்படவில்லை. மூட்டுக்கு இடப்படும் பொருள் மசகா, சாரமா என்று தெளிவாகக் கூறுவது மருத்துவரின் கடமை. அதனைக் கேட்டறிவது நோயாளியின் உரிமை. கிழங்குச் சூப்பாயினும் கூழ்மமாயினும் வலி தணிந்ததா, திசு வளர்ந்ததா, நடை திரும்பியதா என்னும் மூன்று வினாக்களையும் தனித்தனியே எழுப்பி விடைகாண வேண்டும். எதிர்வரும் சோதனைகள் கதிர்ப்படத்தோடு நில்லாமல், மலைச்சரிவில் சுமையுடன் இறங்கும் ஒருவரின் முழங்காலையும் அளவுகோலாகக் கொள்ளுமாயின், அவற்றின் முடிவுகள் கொல்லிமலை உழவர்க்கும் பொருந்துவனவாக அமையும்.