குதிரைக்கு ஏன் இரட்டைக்குட்டி ஆகாது?

எங்க ஊர்ப்பக்கம் ஆடு ரெண்டு குட்டி போட்டால் வீட்டில் சந்தோஷம். மூணு போட்டால் பக்கத்து வீட்டுக்காரங்க வந்து எட்டிப் பார்த்துட்டுப் போவாங்க. அந்த நினைப்பிலேயே வளர்ந்தவன் நான். அதனால், குதிரை வளர்ப்பு பற்றிப் படிக்கும்போது ஒரு விஷயத்தில் அப்படியே நின்றுவிட்டேன். ஸ்கேனில் இரட்டைக் கரு தெரிந்தால், கால்நடை மருத்துவர் அதில் ஒன்றைத் தன் கையாலேயே நசுக்கிவிடுகிறார். அதுவும் கருவுற்று இரண்டு வாரம் ஆகும் வாக்கிலேயே!

படித்தபோது மனசுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. நான் மருத்துவன் இல்லை, சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். ஆனாலும் ஏன் இப்படி என்று விடாமல் தேடினேன். புரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன்.

விஷயம் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. ஆட்டின் கருப்பைச் சுவரில் பொத்தான் பொத்தானாகத் தடிப்புகள் இருக்கும். அந்த இடங்களில் மட்டும்தான் குட்டியின் கொடி ஒட்டிக்கொண்டு சத்தை எடுக்கும். குதிரைக்கு அப்படி இல்லை. கொடியின் மேற்பரப்பு முழுக்க நுண்ணிய விரல் போன்ற இழைகள். அவை கருப்பைச் சுவர் மொத்தத்திலும் பதிந்தால்தான் குட்டிக்குப் போதுமான சத்து கிடைக்கும். பதினோரு மாதம் சுமந்து, தாயின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 50 கிலோ குட்டியை ஈன வேண்டும். அதற்கு முழுச் சுவரும் தேவை.

இப்போ ரெண்டு குட்டி இருந்தால்? சுவரைப் பங்கு போட வேண்டும். ரெண்டு கொடிகளும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் இழைகளே வளராது, மொட்டையாக இருக்கும். அந்த இடத்தால் யாருக்கும் பயனில்லை. பங்கும் பெரும்பாலும் சமமாக அமையாது. ஒன்று அதிக இடத்தைப் பிடித்துக்கொள்ளும், மற்றது பட்டினி கிடக்கும். ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது, கரு சின்னதுதானே. ஏழெட்டு மாதத்துக்கு மேல் தேவை வேகமாக ஏறும்போதுதான் சிக்கல். சின்னது செத்துப்போகும். அதோடு முடிந்தால் பரவாயில்லை. கருப்பை ரெண்டையும் சேர்த்தே வெளியே தள்ளிவிடும். நன்றாக வளர்ந்துகொண்டிருந்த குட்டியும் போச்சு. நாள் நெருங்காமலே மடி பெருத்துப் பால் கசிந்தால் குதிரை வளர்ப்பவர்கள் பயப்படுவது இதனால்தான்.

எத்தனை போகும்? இங்கிலாந்தில் ஜெஃப்காட், விட்வெல் என்ற இருவர் பந்தயக் குதிரை இனமான தரோபிரெட்களில் 62 இரட்டைச் சினைகளை ஆராய்ந்து 1973ல் எழுதினார்கள். 64.5 சதவீதத்தில் ரெண்டு குட்டியுமே இறந்தன. 21 சதவீதத்தில் ஒன்று மட்டும் உயிரோடு பிறந்தது. ரெண்டும் உயிரோடு பிறந்தது 14.5 சதவீதத்தில்தான். உயிரோடு பிறந்தவற்றிலும் பல மெலிந்து, வலுவில்லாமல் இருந்தன. அந்தக் காலத்தில், நோய்க்கிருமி இல்லாமல் சினை கலைவதற்கு முக்கியக் காரணமே இரட்டைக் கருதான். கையை விட்டுத் தடவிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. ரெண்டு கருவும் ஒட்டியிருந்தால் கைக்கு ஒன்று போலத்தான் தெரியும்.

1980ல் பிரான்சில் பாமர், திரியாங்கூர் இருவரும் பெண்குதிரைக்கு ஸ்கேன் செய்து பார்த்ததை வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு நிலைமை மாறியது.

சரி, ஏன் 14, 15ஆம் நாள்? எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. குதிரையின் கரு ஆரம்பத்தில் ஓர் இடத்தில் உட்காராது. ஒன்றரை சென்டிமீட்டர் அளவுள்ள சின்ன உருண்டை, கருப்பை முழுக்க உருண்டு திரியும். “நான் இருக்கேன், சினை பிடிச்சாச்சு” என்று சுவர் முழுக்கத் தகவல் சொல்லும் வேலை அது. சொல்லாவிட்டால் தாயின் உடம்பு அடுத்த பருவச் சுழற்சிக்குப் போய்விடும், கரு நிலைக்காது. 16ஆம் நாள் வாக்கில்தான் ஓர் இடத்தில் நிலைக்கும். அதற்கு முன்னால் என்றால் ரெண்டையும் தனித்தனியாக நகர்த்தி, ஒன்றை மட்டும் நசுக்கலாம். பத்துக்கு ஒன்பது முறைக்கு மேல் மற்றது பிழைத்துக்கொள்ளும்.

நிலைத்த பிறகு ரெண்டும் ஒரே பக்கம் ஒட்டி உட்கார்ந்திருந்தால், ஒன்றைத் தொட்டால் மற்றதும் போகலாம். அந்த மாதிரி இருப்பவற்றில் பல நேரம் இயற்கையே ஒன்றைக் கரைத்துவிடும். ஆனால் கருப்பையின் இரு கொம்புகளில் ஆளுக்கொன்றாக உட்கார்ந்தால் இயற்கை பெரும்பாலும் தலையிடாது. அதுதான் கடைசி மாதங்களில் கலையும்.

இன்னொரு கெடுவும் உண்டு. 35ஆம் நாளுக்கு மேல் கருப்பைச் சுவரில் ஹார்மோன் சுரக்கும் கிண்ணங்கள் உருவாகின்றன. அதன்பின் கரு போனாலும் சுரப்பு சில மாதம் நிற்காது. பெண்குதிரை ஒழுங்காகப் பருவத்துக்கு வராது, அந்த வருஷமே வீண்.

குதிரையில் இரட்டைக்கரு கிட்டத்தட்ட எப்போதும் ரெண்டு தனித்தனி முட்டைகளிலிருந்துதான் வருகிறது. முட்டைகள் ஒரு நாள், ரெண்டு நாள் இடைவெளியில் வந்திருக்கலாம். முதல் ஸ்கேனில் ஒன்றுதான் தெரிந்தது என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது, திரும்பப் பார்க்கணும்.

எங்க வேலையில், ஆரம்பத்திலேயே பிடிக்கிற பிழைக்கு அரை மணி நேரம் போகும். கடைசியில் பிடித்தால் மொத்தமும் போகும். ஆனால் இங்கே போவது பிழை இல்லையே, ரெண்டுமே நல்ல கருக்கள். ஒன்றை எடுக்கும் மருத்துவரின் கையை முதலில் கொடுமையாகத்தான் பார்த்தேன். இப்போ, எட்டாம் மாதத்தில் வைக்கோல் மேல் கிடக்கும் ரெண்டு குட்டிகளையும் சேர்த்தே நினைத்துப் பார்க்கிறேன்.