விருது விழாவும் வீட்டுத் திரையும்: பார்வையாளர் கேட்பதில் உள்ள நியாயம்

திரைப்படங்களுக்கும் தொலைக்காட்சித் தொடர்களுக்கும் விருது வழங்கும் விழாக்கள் இன்று அரங்கில் அமர்ந்திருப்போருக்காக மட்டும் நடத்தப்படுவதில்லை. வீட்டுக் கூடத்தில் அமர்ந்து, யாருக்கு ஏன் கிடைத்தது, யாருக்கு ஏன் கிடைக்காமல் போனது என்று விவாதிக்கும் பெருந்திரளான பார்வையாளர்களை மனத்தில் கொண்டே அவற்றின் மேடையும் நேரமும் நிகழ்ச்சி வரிசையும் அமைக்கப்படுகின்றன. ஆயினும், அந்தப் பார்வையாளர் விழாவைப் பற்றிச் சொல்லும் கருத்துகள் பொழுதுபோக்குப் பேச்சாகவே ஒதுக்கப்படுகின்றன. விருதுகள் தேர்ந்தெடுக்கப்படும் முறையையும் அவை ஒளிபரப்பாகும் விதத்தையும் ஆராய்ந்தால், அந்தக் கருத்துகளில் பெரும்பகுதி நியாயமானது என்பது விளங்கும்.

பட்டு நெசவுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரத்துக்கு இந்தப் பொருளோடு நேரடியான தொடர்பு உண்டு. பிரியதர்ஷன் இயக்கிய ‘காஞ்சிவரம்’, 2007-ஆம் ஆண்டுக்கான 55-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த திரைப்படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதில் நெசவாளர் வேங்கடமாக நடித்த பிரகாஷ்ராஜ் சிறந்த நடிகருக்கான விருதைப் பெற்றார். மகளின் திருமணத்துக்குப் பட்டுச் சேலை தருவதாக வாக்களித்த ஒரு தறித் தொழிலாளி, கூலியைக் கொண்டு அதை வாங்க வழியின்றி, நெய்யுமிடத்திலிருந்து பட்டு நூலை வாயில் மறைத்து எடுத்து வரும் நிலைக்குத் தள்ளப்படுவதை, இந்திய விடுதலைக்கு முற்பட்ட ஆண்டுகளின் பின்னணியில் அந்தப் படம் சொல்லியது. 1990-ஆம் ஆண்டுக்கான விருதைப் பெற்ற கே.எஸ். சேதுமாதவனின் ‘மறுபக்கம்’ படத்துக்கு அடுத்து, தேசிய அளவில் சிறந்த படமாக அறிவிக்கப்பட்ட இரண்டாவது தமிழ்ப் படம் இது. மூன்றாவதாக, சுதா கொங்கராவின் ‘சூரரைப் போற்று’ 2020-ஆம் ஆண்டுக்கான விருதைப் பெற்றது.

‘காஞ்சிவரம்’ 2008 செப்டம்பரில் டொராண்டோ திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு, 2009 மார்ச்சில்தான் தமிழ்நாட்டுத் திரையரங்குகளுக்கு வந்தது. அப்படியிருக்க, அதற்கு 2007-ஆம் ஆண்டின் விருது கிடைத்தது எவ்வாறு என்ற ஐயம் பார்வையாளருக்கு எழுவது இயல்பே. தேசிய விருதுகளுக்குப் படம் திரைக்கு வந்த நாள் கணக்கில்லை. தணிக்கைச் சான்றிதழ் பெற்ற நாளே கணக்கு. ஒரு நாட்காட்டி ஆண்டுக்குள் சான்றிதழ் பெற்ற படங்கள், தயாரிப்பாளர் விண்ணப்பித்து அனுப்பினால் மட்டுமே, போட்டியில் சேர்க்கப்படுகின்றன. 2010-ஆம் ஆண்டு முதல் தேர்வு இரண்டு நிலைகளில் நடைபெறுகிறது: முதலில் ஐந்து மண்டலக் குழுக்கள் தத்தம் பகுதி மொழிப் படங்களைப் பார்த்துப் பரிந்துரை செய்கின்றன, பின்னர் மையக் குழு அந்தப் படங்களிலிருந்து விருதுக்குரியவற்றைத் தேர்ந்தெடுக்கிறது. நடுவர்கள் பார்க்கும் படங்களும் வீட்டிலுள்ளவர் பார்த்திருக்கும் படங்களும் வெவ்வேறாக இருப்பதற்கு இந்த முறையே காரணம். ஆனால், விழா ஒளிபரப்பில் இதை விளக்கிச் சொல்வதற்கென்று இடம் ஒதுக்கப்படுவதில்லை.

பார்வையாளர் கருத்துகளில் முதலாவதும் மிகப் பழமையானதும், உரியவருக்குக் கிடைக்கவில்லை என்ற ஆதங்கமாகும். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்துக்காக 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சிவாஜி கணேசனுக்கு, சிறந்த நடிகருக்கான தேசிய விருது ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. பின்னாளில் ‘தேவர் மகன்’ படத்துக்காக நடுவர் குழுவின் சிறப்பு விருதும், 1996-ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருதும் அவருக்கு அறிவிக்கப்பட்டன என்றாலும், அந்த மனக்குறை தமிழ்ப் பார்வையாளர்களிடம் இன்னும் நீங்கவில்லை. இதை வெறும் ரசிகர் பற்று என்று கொள்வது சரியன்று. பல்லாண்டுகள் பல படங்களைப் பார்த்து, ஒருவரின் நடிப்பை மற்றவரின் நடிப்போடு ஒப்பிட்டு மனத்தில் நிறுத்திக் கொண்டவர்கள் சொல்லும் மதிப்பீடு அது. நடுவர் குழு ஓராண்டின் படங்களை மட்டுமே எடை போடுகிறது; பார்வையாளரோ ஒரு கலைஞரின் வாழ்நாள் உழைப்பை எடை போடுகிறார்.

இரண்டாவது கருத்து, மேடையில் யாருக்கு எவ்வளவு நேரம் என்பது பற்றியது. புதுதில்லியில் நடைபெறும் தேசிய விருது விழாவைத் தூர்தர்ஷன் நேரலையாகக் காட்டுகிறது. அதில் பெயர் அழைக்கப்பட்டு, விருதுக்கான பாராட்டுரை வாசிக்கப்பட்டு, பதக்கமும் சான்றிதழும் வழங்கப்படுகின்றன. தனியார் தொலைக்காட்சிகளின் விழாக்கள் பெரும்பாலும் முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டு, வெட்டித் தொகுக்கப்பட்டு, பண்டிகை நாளிலோ விடுமுறை நாளிலோ விளம்பரங்களுக்கிடையே ஒளிபரப்பாகின்றன. அத்தொகுப்பில் நட்சத்திரங்களின் நடனமும் நகைச்சுவைத் துணுக்குகளும் நீள, ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், ஒலிப்பதிவாளர், ஒப்பனைக் கலைஞர் ஆகியோர் விருது பெறும் காட்சிகள் சில நொடிகளில் கடந்து விடுகின்றன. உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமுமாக அமையும் கோர்வைச் சேலையை, நெசவாளரோடு உடன் அமர்ந்து கரைக்கான நாடாவை எறியும் துணையாளின் கை இல்லாமல் மரபான தறியில் நெய்து முடிக்க இயலாது என்பதை அறிந்த காஞ்சிபுரத்துப் பார்வையாளருக்கு, திரைக்குப் பின்னால் உழைப்பவர்களைக் காட்டாத விழா குறையுடையதாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

இந்தக் குறை தமிழ்நாட்டோடு நிற்பதன்று. 2022-ஆம் ஆண்டு ஆஸ்கர் விழாவில், நேரலையின் நீளத்தைக் குறைப்பதற்காகப் படத்தொகுப்பு, ஒலி, பின்னணி இசை, ஒப்பனை உள்ளிட்ட எட்டுப் பிரிவுகளின் விருதுகள் நேரலை தொடங்குவதற்கு முன்பே வழங்கப்பட்டு, அவற்றின் சுருக்கப்பட்ட பதிவுகள் இடையிடையே காட்டப்பட்டன. கலைஞர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு எழுந்ததால், மறு ஆண்டே எல்லாப் பிரிவுகளும் நேரலைக்குத் திரும்பின. இந்தியாவில், 2018 மே 3 அன்று நடந்த 65-ஆவது தேசிய விருது விழாவில் 11 விருதுகளை மட்டுமே குடியரசுத் தலைவர் தம் கையால் வழங்குவார் என்றும், எஞ்சியவற்றை அமைச்சர் வழங்குவார் என்றும் முடிவு செய்யப்பட்டபோது, விருதாளர்களில் 50-க்கும் மேற்பட்டோர் விழாவைப் புறக்கணித்தனர். நடிகரையும் ஒலிக்கலைஞரையும் ஒரே மேடையில் ஒரே மதிப்போடு நிறுத்துவதே தேசிய விருதின் பெருமை என்பதால், அந்த எதிர்ப்பைப் பார்வையாளர்களும் எளிதில் புரிந்துகொண்டனர்.

மூன்றாவது கருத்து நம்பகத்தன்மை பற்றியது. சன் குடும்பம் விருதுகள், ஜீ தமிழ் குடும்பம் விருதுகள் போன்ற விழாக்களில் ஒரு தொலைக்காட்சி தன் தொடர்களுக்கும் தன் கலைஞர்களுக்கும் தானே விருது வழங்குகிறது. அன்றாடம் உழைக்கும் கலைஞர்களுக்கு ஊக்கமளிக்கும் வகையில் இவை வரவேற்கத்தக்கவையே. எனினும், ஒரு நிறுவனத்தின் குடும்ப விழாவையும், எல்லாத் தொலைக்காட்சிகளின் படைப்புகளையும் ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கும் விருதையும் பார்வையாளர் வேறுபடுத்திப் பார்ப்பது அவசியம். பொதுவான அந்த அளவுகோலைத் தர வேண்டிய அரசு விருதுகளோ காலத்தோடு வருவதில்லை: 2009 முதல் 2014 வரையிலான ஆண்டுகளுக்கான தமிழ்நாடு அரசின் திரைப்பட விருதுகள் 2017-இல் அறிவிக்கப்பட்டு, சின்னத்திரை விருதுகளோடு சேர்த்து 2022 செப்டம்பரில்தான் சென்னைக் கலைவாணர் அரங்கில் வழங்கப்பட்டன. ஒரு தொடர் முடிந்து பல்லாண்டுகள் கழித்து வரும் விருது, கலைஞருக்கு உரிய காலத்தில் பயன்படாமல் போவதோடு, பார்வையாளரின் நினைவிலிருந்தும் விலகி நிற்கிறது.

நம்பகத்தன்மை குலைந்தால் பெரிய விழாவும் நிலைக்காது என்பதற்குக் கோல்டன் குளோப் விருதுகள் சான்று. திரைப்படம், தொலைக்காட்சி ஆகிய இரண்டுக்கும் விருது வழங்கும் இந்த அமெரிக்க விழாவை நடத்திய வெளிநாட்டுப் பத்திரிகையாளர் சங்கத்தின் 87 உறுப்பினர்களில் கறுப்பினத்தவர் ஒருவர்கூட இல்லை என்பது 2021-இல் வெளிப்பட்டதும், என்.பி.சி. தொலைக்காட்சி அடுத்த ஆண்டு விழாவை ஒளிபரப்ப மறுத்தது. 2023-இல் அந்தச் சங்கமே கலைக்கப்பட்டு, விருது வேறு நிர்வாகத்தின் கைக்கு மாறியது. தேர்ந்தெடுப்பவர் யார் என்று கேட்கும் உரிமை பார்வையாளருக்கு உண்டு என்பதை இந்நிகழ்வு உறுதிப்படுத்தியது.

இவை அனைத்தையும்விட முதன்மையானது, விருது பெற்ற படைப்பைப் பார்க்கும் வாய்ப்பு. செழியன் இயக்கிய ‘டு லெட்’ 2018 ஏப்ரலில் தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படமாக அறிவிக்கப்பட்டும், 2019 பிப்ரவரியில்தான் திரையரங்குகளுக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் அதன் பெயரை மட்டுமே கேட்டிருந்த பொதுமக்கள், அந்த விருது தகுதியானதா என்று எப்படிக் கருத்துச் சொல்ல முடியும்? மாறாக, ‘சூரரைப் போற்று’ 2020 நவம்பரில் இணையத் தளத்தில் வெளியாகிப் பலரது வீடுகளை முன்பே எட்டியிருந்ததால், 2022-இல் அதற்கு ஐந்து தேசிய விருதுகள் அறிவிக்கப்பட்டபோது, பார்வையாளர்களால் அந்தத் தேர்வைத் தம் அனுபவத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. ஒரு காலத்தில் தூர்தர்ஷன் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் விருது பெற்ற மாநில மொழிப் படங்களைத் துணைத்தலைப்புகளோடு ஒளிபரப்பியதால்தான், வங்காள, மலையாள, கன்னடப் படங்களைத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் மக்கள் பார்த்துப் பேசினர்.

அந்த வழக்கத்தை மீண்டும் கொண்டு வருவதே இன்றைய தேவை. விழா நடைபெறுவதற்கு முந்தைய வாரங்களில் விருதுப் படங்களைத் தூர்தர்ஷனும், பரிந்துரைக்கப்பட்ட தொடர்களின் சிறந்த பகுதிகளைத் தனியார் தொலைக்காட்சிகளும் ஒளிபரப்ப வேண்டும். நடுவர்களின் பெயர்களையும் தேர்வின் காரணத்தையும் ஒவ்வொரு விருதோடும் எளிய தமிழில் சொல்ல வேண்டும். தொழில்நுட்பக் கலைஞர் மேடையேறும் காட்சியை முழுமையாகக் காட்ட வேண்டும். மாநில அரசு தன் விருதுகளை அந்தந்த ஆண்டிலேயே வழங்க வேண்டும். பார்வையாளர்களும், பெயரை வைத்துத் தீர்ப்பளிக்காமல் படைப்பைப் பார்த்த பின் கருத்துச் சொல்வதையும், அந்தக் கருத்தைத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு எழுதித் தெரிவிப்பதையும் வழக்கமாக்கிக் கொள்ள வேண்டும்.