புதைக்கும் முன் பல்லை எடுத்து வையுங்கள்

சந்தையில் மாடு பிடிக்கும்போது முதலில் வாயைத் திறந்து பல்லைத்தான் பார்க்கிறோம். பல் போடாததா, ரெண்டு பல்லா, கடை சேர்ந்ததா என்று வயதைச் சொல்லிவிடுகிறோம். அதே பல்லில் இன்னொரு கணக்கும் இருக்கிறது: அந்த மாட்டின் உடம்பில் எவ்வளவு காரீயம் ஏறியது என்ற கணக்கு.

பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறைப் பக்கம் மேய்கிற மாடுகளுக்கு ஆபத்து அதிகம். புகைத்தூசி புல்லில் படிகிறது. வீசியெறிந்த பேட்டரித் தகட்டை மாடு ஆசையாக நக்கும். பிறகு கண் தெரியாமல் சுவரில் தலையை முட்டி நிற்கும். பல்லை நறநறவென்று கடிக்கும். உடம்பு வெட்டி வெட்டி இழுக்கும். கன்றுகள் சீக்கிரம் விழுந்துவிடும். பாம்பு தீண்டியது என்று முடிவுகட்டிப் புதைத்துவிடுகிறோம். இழப்பீட்டுக்கான சாட்சியும் அதோடு மண்ணுக்குள் போய்விடுகிறது.

சுண்ணாம்புச் சத்து சேரும் இடத்திலெல்லாம் ஈயமும் சேரும். ரத்தம் பெரும்பாலும் அண்மையில் ஏறியதைத்தான் காட்டும். எலும்பு கரைந்து புதிதாகிக்கொண்டே இருக்கும். பல்லின் எனாமலோ ஒருமுறை உருவானால் புதுப்பிக்கப்படுவதில்லை. வளரும்போது உள்ளே சேர்ந்தது அப்படியே தங்கிவிடும். 1979-இல் ஹெர்பர்ட் நீடில்மேன் என்ற மருத்துவர், அமெரிக்காவின் பாஸ்டனை ஒட்டிய செல்சி, சோமர்வில் ஊர்ப் பிள்ளைகளின் விழுந்த பால்பற்களை அளந்து ஆய்வு வெளியிட்டார். வெளிக்கு நோயே தெரியாத பிள்ளைகள் அவர்கள். பல்லில் ஈயம் கூடியவர்கள் அறிவுத்திறன் சோதனைகளில் பின்தங்கியிருந்தார்கள்.

சந்தேகமாக மாடு செத்தால் அரசு கால்நடை மருத்துவரை அழைத்துப் பிரேதப் பரிசோதனை கேளுங்கள். மூக்கிலோ வாயிலோ ஆசனவாயிலோ ரத்தம் வடிந்திருந்தால் அடைப்பானாக இருக்கலாம். அப்போது உடலைத் திறக்கவே கூடாது, பல்லும் வேண்டாம். மற்றபடி, சாவுக்குக் காரணம் ஈயம்தானா என்பதை ஈரலும் சிறுநீரகமும் ரத்தமும் சொல்லும். நெடுநாளாக ஏறியதா என்பதைப் பல் சொல்லும். ஆகவே கீழ்த்தாடையையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பிறகு தோண்டிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். மண்ணிலுள்ள ஈயம் எலும்பில் ஊறும், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது ஒன்றே போதும்.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 2010-இல் இழப்பீடு கேட்கக்கூடிய சேதங்களின் பட்டியல் ஒன்று உண்டு. கறவை மாடும் உழவு மாடும் அதில் பெயர் சொல்லியே இருக்கின்றன. இது நம் விவசாயிகளில் பலருக்குத் தெரியாதது எனக்குப் பெரிய வருத்தம். பிரிவு 15-இன்படி ஐந்து ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும்; தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் கிடையாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

ஈயம் பாலிலும் இறங்கும். மிச்சமுள்ள மாடுகளின் ரத்தப் பரிசோதனை முடியும்வரை அந்தத் தொழுவத்துப் பாலை வீட்டிலும் காய்ச்ச வேண்டாம், சொசைட்டிக்கும் ஊற்ற வேண்டாம். மாடு மேய்ந்த இடத்தில் விளையாடும் பிள்ளைகளுக்கும் ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.