பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு மெக்கானிக்கல்?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சு: என்ன குரூப்? பெண்ணைப் படிக்க வைக்கலாமா என்ற விவாதம் தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. பிளஸ் டூ தேர்ச்சியில் ஆண்டுதோறும் மாணவிகள்தான் முந்துகிறார்கள். 2025-இல் அவர்கள் 96.70 சதவீதம், மாணவர்கள் 93.16. தாலிக்குத் தங்கமும் திருமண உதவியும் தந்துவந்த அரசுத் திட்டம்கூட 2022-இல் உருமாறி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமாகிவிட்டது.

ஆக, படிப்புக்குத் தடையில்லை. எந்தப் படிப்பு என்று வரும்போதுதான் மாமா, சித்தப்பா, ட்யூஷன் சார் எல்லோருக்கும் வாய் திறக்கிறது. “பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு மெக்கானிக்கல்? கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கட்டும். ஏ.சி. ரூம்ல உட்கார்ந்து பார்க்கிற வேலை.”

அந்தக் கம்ப்யூட்டர் சயின்ஸ் அமெரிக்காவில் ஆண்பிள்ளைப் படிப்பு. அங்கே 1984-இல் அத்துறையில் பட்டம் பெற்றவர்களில் பெண்கள் சுமார் 37 சதவீதம். 2010 வாக்கில் அது 18 ஆகச் சுருங்கியது. இருட்டறையில் கம்ப்யூட்டரே கதி என்று கிடக்கும் பையன்தான் அதற்குப் பொருத்தம் என்று அந்த ஊர் நம்பியது. நம் ஊரோ அதே கணக்கை, அதே நிரல் எழுதும் வேலையைப் ‘பெண்களுக்கு ஏத்தது’ என்கிறது. வேலை ஒன்றுதான், இரண்டு ஊரும் இரண்டு முத்திரை குத்துகின்றன. இங்கே பார்க்கப்படுவது திறமையே அல்ல என்பேன். வாசலுக்குக் கம்பெனி பஸ் வருமா, மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் சொல்லிக்கொள்ளும்படி இருக்குமா என்பதுதான் கணக்கு.

ராத்திரி ஷிஃப்ட் என்று ஒரு காரணம் சொல்வார்கள். அப்படியானால் நர்ஸ்? ஊர் கூடிப் பெண்ணுக்கு எழுதிவைத்த வேலையே விடியவிடிய விழித்திருக்கும் வேலைதான். டாக்டருக்கும் அதே நிலை. இந்தியாவின் முதல் பெண் மின்பொறியாளர் அ. லலிதாவின் கதை இந்த ராத்திரி ஷிஃப்ட் வாதத்தையே தலைகீழாக்குகிறது. சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பம். 15 வயதில் திருமணம். 18 வயதில் கையில் குழந்தையோடு விதவை. பெண்ணுக்கு ஏற்றது என்று அன்றே பெயர் வாங்கியிருந்த மருத்துவத்தை அவர் வேண்டாமென்றார். குழந்தையை விட்டுவிட்டு நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓட முடியாது என்பதுதான் காரணம். பொறியியல் என்றால் பகல் வேலை! கிண்டிப் பொறியியல் கல்லூரியில் 1940-களில் படித்து முடித்தார். அப்பா அதே கல்லூரியில் பேராசிரியர் என்பதால் கதவு திறந்தது; அதையும் சொல்லத்தான் வேண்டும். அவரோடு அங்கே படித்த பி.கே. திரேசியா, பிற்பாடு கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

பெரியவர்கள் சொன்னால் பிள்ளைகள் எதிர்த்துப் பேசலாமே என்று தோன்றும். சிக்கலே அங்கேதான். பதினைந்து வயதில் அது பெரியவர்களின் வாக்கியமாக இருப்பதில்லை. “எனக்கே அதுல இஷ்டம் இல்ல சார்” என்று அவளே சொல்லிவிடுகிறாள். 2017-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, இது எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறது என்று காட்டியது. ‘ரொம்ப ரொம்பப் புத்திசாலி’ யார் என்று கேட்டபோது ஐந்து வயதுச் சிறுமிகள் தயங்காமல் தங்கள் பாலினத்தைக் காட்டினார்கள். ஆறு, ஏழு வயதில் அந்த உறுதி குறைந்துவிட்டது. பள்ளியில் நல்ல மார்க் வாங்குவது பெண்கள்தான் என்பதை மட்டும் அந்த வயதிலும் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. நம் ஸ்டாஃப் ரூமில் கேட்காத வசனமா? “அவ உழைச்சுப் படிக்கிறா. இவனுக்கு மூளை இருக்கு, உட்கார மாட்டேங்கிறான்.” தேர்ச்சி சதவீதம் எவ்வளவு ஏறினாலும் இந்த வசனம் மாறவில்லை.

பையன்கள் பக்கம் இதைவிட அமைதியாக நடக்கிறது. நர்ஸிங்கோ, ஆடை வடிவமைப்போ கேட்கிற பையனுக்கு வீட்டில் திட்டு கிடைப்பதைவிடச் சிரிப்புதான் அதிகம் கிடைக்கும். அது திட்டைவிட மோசம். துணிந்து நர்ஸிங் படித்து வந்தாலும், எய்ம்ஸ் நர்ஸிங் ஆபீஸர் பணியிடங்களில் 80 சதவீதம் பெண்களுக்கு என்று 2019-இல் முடிவாகிவிட்டது. பெண்ணுக்கு ஆதரவான விதிபோலத் தெரிந்தாலும், நோயாளியைப் பார்த்துக்கொள்வது பெண்ணின் வேலை என்ற பழைய எண்ணத்துக்குத்தான் அது அரசு முத்திரை வைக்கிறது.

அரசின் ‘கல்லூரிக் கனவு’ வழிகாட்டி நிகழ்ச்சிகள் நல்லவைதான். ஆனால் அவை பிளஸ் டூ முடிக்கிறவர்களுக்கானவை. கணக்கில்லாத குரூப்பில் ஒருத்தியைச் சேர்த்துவிட்ட பின், இரண்டு வருடம் கழித்து அரங்கத்தில் உட்காரவைத்து மெக்கானிக்கல், சிவில் என்று விளக்குகிறோம். அதே அறிவுரையை எட்டாம் வகுப்பிலேயே, பெற்றோரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லலாம். மாமா வந்தாலும் வரட்டும்.