தலைக்கு மேலே மூன்று மில்லிமீட்டர்

பழைய காரின் பின்சீட்டில் உட்கார்ந்தால் சில சமயம் கூரைத் துணி இறங்கி வந்து தலைமுடியில் உரசும். "பசை விட்டுப்போச்சு" என்று நாலு குண்டூசியைக் குத்தி வைப்பது நம் ஊர் வழக்கம். பெரும்பாலும் பசைமேல் குற்றம் இருக்காது. தொங்கும் துணிக்கு மேலே விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். பழுப்பு நிறத் தூள் ஒட்டிக்கொண்டு வரும். உண்மையில் அழிந்துபோனது எது என்பதை அந்தத் தூள் சொல்லிவிடும்.

கார்க் கூரையின் இரும்புத் தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. மே மாத நண்பகலில் புதுக்கோட்டை வெயிலில் நின்ற காரின் கூரையில் கை வைக்க முடியாது. மழை விழுந்தால் தகடு அதிரும், ஓடும்போது இரையும். வெப்பத்தையும் சத்தத்தையும் தணித்து, மின்கம்பிகளையும் மறைப்பதற்காகத்தான் உள்பக்கம் ஒரு லைனிங் வைத்தார்கள்.

அம்பாசடர் தலைமுறைக் கார்களில் அந்த லைனிங்கைத் தாங்கியது பசை அல்ல, கம்பி. ரெக்சினின் மேல்பக்கம் குறுக்கே துணிப்பட்டைகளைத் தைத்து, ஒவ்வொன்றிலும் வில்லாக வளைத்த எஃகுக் கம்பியைச் செருகுவார்கள். கம்பியின் இரு முனைகளும் கூரையின் ஓரத் துளைகளில் உட்காரும். ரெக்சினின் விளிம்புகளை மட்டும் பசை வைத்துக் கதவு பீடிங்குக்குள் மடக்கிவிடுவார்கள். கூரை முன்னும் பின்னும் ஒரே வளைவில் இருக்காது என்பதால் கம்பிகளின் நீளமும் வளைவும் மாறும். அதனால்தான் அனுபவமுள்ள குஷன் கடைக்காரர் கழற்றும்போதே கம்பிகளுக்கு வரிசை எண் போட்டுவிடுவார்.

அந்த வேலைக்கு வெயில் சம்பளம் வாங்காத உதவியாள். ரெக்சின் என்பது துணிமேல் பி.வி.சி. பிளாஸ்டிக் பூசியது. சூட்டில் இளகும், ஆறினால் சுருங்கும். வெயிலில் காயவைத்து இளகிய நிலையில் இழுத்து மாட்டினால், ஆறியதும் சுருக்கங்கள் தானாகவே மறைந்து விறைப்பாக நிற்கும்.

பின்னால் வந்த கார்கள் கம்பியைக் கைவிட்டன. நார்களைப் பிசினோடு அழுத்தி, கூரையின் வடிவத்திலேயே வார்த்த அட்டை ஒன்று வந்தது. அதன்மேல் ஒட்டியது வெறும் துணி அல்ல, முதுகில் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் ஃபோம் பிடித்த துணி. அந்தத் துணியும் ஃபோமும் இணைவதே ஓர் அதிசயம். ஓடிக்கொண்டிருக்கும் ஃபோம் சுருளின் மேல்பரப்பை நெருப்புச் சுவாலை கணநேரம் தொட்டு உருக்கும். உருகிய பரப்பின்மேல் துணி வந்து படிந்து, உருளைகளுக்கிடையே அழுந்தி ஒன்றாகிவிடும். பசையே கிடையாது.

அந்த ஃபோம் பாலியூரித்தேன். 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பாயர் குழுவினர் கண்டுபிடித்த பிளாஸ்டிக் குடும்பம் அது. அதன் கன அளவில் நூற்றுக்குச் சுமார் 97 பங்கு காற்றுதான். நுண்ணறைகளுக்குள் நுழையும் ஒலி, அவற்றின் சுவர்களில் உரசி வெப்பமாகக் கரைந்துபோகிறது.

இந்தத் துணியும் ஃபோமும் சேர்ந்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 30 மில்லிகிராம் எடை இருக்கும். பத்துப் பன்னிரண்டு கடுகின் எடை, அவ்வளவே. அதைக்கூடத் தாங்காமல் ஏன் இறங்குகிறது?

ஃபோமின் சுவர்கள் நீண்ட மூலக்கூறு சங்கிலிகளால் ஆனவை. ஒரு வகை ஃபோமில் நீர் மூலக்கூறு புகுந்து சங்கிலியை அறுக்கும். இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். இன்னொரு வகையை வெப்பமும் ஆக்சிஜனும் சேர்ந்து சிதைக்கும். பத்து டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் ஒரு தோராய விதி. 30 டிகிரி நிழலில் நிற்கும் காரோடு ஒப்பிட்டால், கூரை 70 டிகிரிக்குச் சுட்ட காரில் சிதைவு 16 மடங்கு வேகம். எதிரிகள் இருவருமே புதுக்கோட்டை மாவட்டத்தில் உண்டு. இலுப்பூர், அன்னவாசல் பக்கம் வெயில். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் கடற்காற்றின் ஈரம்.

ஆக, அட்டையில் பசை பத்திரமாக இருக்கும், துணியும் நன்றாக இருக்கும். நடுவிலிருந்த ஃபோம்தான் தூளாகிவிட்டது. அந்தத் தூளின்மேல் எந்தப் பசையை ஊற்றினாலும் அது தூளைத்தான் பிடிக்கும், அட்டையைப் பிடிக்காது. கைப்பிடி, வெயில் மறைப்பு, உள்விளக்கு எல்லாவற்றையும் கழற்றி, அட்டையை மடங்காமல் வெளியே எடுத்து, அட்டையின் மேல்பரப்பு பெயராதபடி மென்மையான பிரஷ்ஷால் தூள் முழுவதையும் தேய்த்து எடுக்க வேண்டும். வேலையில் பாதி இதுதான்.

அடுத்தது பசை. மரவேலைக்கான வெள்ளைப் பசை இங்கே உதவாது. 40 டிகிரி வாக்கிலேயே அது இளகத் தொடங்கிவிடும். குஷன் கடைகள் எடுப்பது செயற்கை ரப்பர் பசை. அதிலும் கூரைக்கு, கூடுதல் சூட்டைத் தாங்கும் வகை தேவை. அட்டையிலும் புதுத் துணியின் ஃபோமிலும் தனித்தனியே பூசி, கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிடுவார்கள். காய்ந்த இரு படலங்களும் தொட்டவுடன், ரப்பர் சங்கிலிகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து பூட்டிக்கொள்ளும். தொட்டபின் நகர்த்தித் திருத்த முடியாது. அதனால் பாதித் துணியை மடித்து வைத்து, நடுவில் தொடங்கி உள்ளங்கையால் ஓரத்தை நோக்கித் தடவிக்கொண்டே போவார்கள்.

உங்கள் காரில் துணி இறங்கத் தொடங்கினால் குண்டூசியையும் பசைக் குப்பியையும் எடுக்காதீர்கள். பழைய ஃபோமைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுத் துணி ஒட்டும் கடையாகப் பாருங்கள். நீங்களே செய்வதானால் காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்கு எட்டத்தில் செய்யுங்கள். அந்தப் பசையின் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். கூரையின் பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள காரென்றால் அட்டையில் கை வைக்காமல், அது தெரிந்த ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோய்விடுங்கள்.