கல்யாணமானால் வேலை கிடையாது என்ற விதி

நம் திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில், திருத்தணியில் பிறந்தவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். 1949-ல் அவர் சோவியத் நாட்டுக்கு இந்தியத் தூதராகப் போனார். அவருக்கு மனைவி, மக்கள் இருந்தார்கள். குடும்பம் அவர் பதவிக்குக் குறுக்கே நிற்கவில்லை.

அதே 1949-ல் வெளியுறவுப் பணியில் முதல் பெண்ணாகச் சேர்ந்தார் சி.பி.முத்தம்மா. குடகில் பிறந்து, சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். திருமணம் செய்துகொண்டால் ராஜினாமா செய்துவிடுவேன் என்று அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். கடைசிவரை அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

1961-ல் வந்த விதிகள் இதையே சட்டமாக்கின. வெளியுறவுப் பணியில் இருக்கும் பெண் திருமணத்துக்கு முன் அரசிடம் எழுத்துப்பூர்வ அனுமதி பெற வேண்டும். குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்று அரசு கருதினால் அவரை விலகச் சொல்லலாம். திருமணமான பெண் இந்தப் பணியை உரிமையாகக் கேட்கவே முடியாது. ஆண்களுக்கு இப்படி எந்த விதியும் இல்லை.

இந்த விதிகள் ஏட்டில் இருந்தபோதே, 1973-ல், திருமணமான ஒரு தலித் பெண் அந்தப் பணியில் சேர்ந்தார். அவர் பாபு ஜெகஜீவன் ராமின் மகள் மீரா குமார். 1968-ல் திருமணமானவர், மூன்று பிள்ளைகளின் தாய். ஸ்பெயின், பிரிட்டன், மொரீஷியஸ் நாடுகளில் உள்ள இந்தியத் தூதரகங்களில் பணியாற்றினார். 1985-ல் அந்த வேலையை விட்டு, பிஜ்னோர் இடைத்தேர்தலில் நின்று வென்றார். 2009-ல் மக்களவையின் முதல் பெண் சபாநாயகரானார். குடும்பம் இருந்தால் பெண்ணுக்கு வேலை ஓடாது என்ற பேச்சுக்கு அவர் வாழ்க்கையே பதில்.

ஆனால் ஒன்றை நாம் மறைக்க வேண்டியதில்லை. மீரா குமார் பணியில் சேர்ந்தபோது அவருடைய தந்தை மத்திய அமைச்சர். அதனால்தான் வேலை கிடைத்தது என்று நாம் சொல்லவில்லை. ஏர் பிடிப்பவர், செங்கல் சூளையில் வேலை செய்பவர் வீட்டுப் பெண் அந்த விதியின் முன் நின்றிருந்தால் அவளுக்காக யார் பேசியிருப்பார்கள் என்றுதான் கேட்கிறோம். உரிமை இல்லாத இடத்தில் மிஞ்சுவது தயவு. தயவு ஏழை வீட்டு வாசலுக்கு வருவது அபூர்வம்.

அந்தத் தயவை உரிமையாக்கப் போராடியவர் முத்தம்மா. தமக்குப் பதவி உயர்வு மறுக்கப்பட்டதும் உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நடக்கும்போதே அரசு பதவி உயர்வு தந்தது. அனுமதி கேட்கும் விதியும் நீக்கப்பட்டது. 1979 செப்டம்பரில் தீர்ப்பளித்த நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர், குடும்பப் பொறுப்பு பெண்ணின் வேலைக்குத் தடை என்றால் ஆணுக்கும் அப்படித்தானே என்று கேட்டார். பாகுபாடு காட்டும் விதிகளை எல்லாம் களைய வேண்டும் என்றும் அரசுக்குச் சொன்னார்.

முத்தம்மா தலித் அல்ல. ஆனாலும் அவர் போராட்டம் நமக்கும் உரியது. அம்பேத்கர் தலைமையிலான குழு வரைவு செய்த அரசியல் சட்டத்தின் 16(2) பிரிவைப் படித்துப் பாருங்கள். அரசு வேலையில் சாதியின் பேரால் பாகுபாடு கூடாது, பால் வேறுபாட்டின் பேராலும் கூடாது என்று ஒரே வரியில் சொல்கிறது. தலித் பெண்ணுக்கு இந்த இரண்டும் வேண்டும்.

விதி போய்விட்டது. வீட்டில் அது இன்னும் இருக்கிறது. காலையில் திருவாலங்காடு ரயில் நிலையத்தில் கல்லூரிக்குப் போக நிற்கும் நம் பெண்களில் எத்தனை பேரிடம், “டிகிரி முடிஞ்சதும் கல்யாணம், அப்புறம் உன் புருஷன் இஷ்டம்” என்று சொல்லி வைத்திருக்கிறோம்? எழுதி வாங்கவில்லை, அவ்வளவுதான்.

மாணவிகளுக்கு ஒரு தகவல். வெளியுறவுப் பணிக்கும் ஐ.ஏ.எஸ்.ஸுக்கும் ஒரே குடிமைப் பணித் தேர்வுதான். ஏதாவது ஒரு பட்டம் போதும். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் தேர்வுக் கட்டணம் இல்லை. முதன்மைத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். பட்டியல் சாதியினருக்கு வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வு உண்டு.

கல்யாணம் ஆனவரா என்று அந்த விண்ணப்பத்தைப் பார்த்து இனி யாரும் தள்ளிவிட முடியாது. பெற்றோர்களே, நாமும் தள்ளிவிடாமல் இருப்போம்.